செம்பட்டைக்கு ஊதா

ரெனிஷா தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்ததும் எங்கள் அம்மா கோழிக்குத் தீனி போடும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டாள். சிரிப்பை அடக்க முடியாதபோது அம்மா செய்வது அது. நான் போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன், வேதப்புத்தகம்கூட இன்னும் கையில் இருந்தது. நிதானமாக நின்று பார்த்தேன். உச்சியில் மஞ்சள். அதற்குக் கீழே நுனிவரை, புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் செம்மஞ்சள் நிறம். இடது காதுக்கு மேலே மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை.

"பச்சை எங்கேந்து வந்துது?" என்றேன்.

"மாமி நீலம் போடச் சொன்னாவ. வெள்ளைச் சேலை பழுத்தா நீலந்தான போடுவோம், முடிக்கும் அதுதான்னு. ஒரு மூடி விட்டேன் மைனி."

மஞ்சள் மேல் நீலத்தை ஊற்றினால் பச்சை வரும் என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் தம்பி பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. எம்.காம். படித்தவள். ஐம்பது வருடமாக நீலம் போட்டுத் துவைக்கும் எங்கள் அம்மாவுக்கும் தெரியவில்லை. இந்த வீட்டில் நிறம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடமாகக் கல்யாணச் சேலைப் பகுதியில் நிற்கிறேன். எங்கள் சபைப் பெண்களெல்லாம் கல்யாணத்துக்கு வெள்ளைதான் உடுப்பார்கள். எல்லோருக்கும் வெள்ளை வேண்டும், எந்த வெள்ளை என்று கேட்டால் ஒருத்திக்கும் சொல்லத் தெரியாது. பால் வெள்ளை, சந்தன வெள்ளை, முத்து வெள்ளை என்று நான் எடுத்துப் போடப் போட, அம்மாவும் பெண்ணும் சித்தியும் வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள். கடைசியில் அதிலேயே மோசமானதைத் தொட்டு "இது கொள்ளாம், நல்லாருக்கு" என்பார்கள். "உங்களுக்குன்னே நெய்தது மாதிரி இருக்கு" என்று சொல்லி மடித்துக் கொடுப்பேன். அவர்கள் படியிறங்கிய பிறகுதான் என் முகத்தை எனக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்வேன்.

முடியை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்தது காதல் என்று ரெனிஷா நினைத்திருப்பாள். போன மாதம் வீடியோ காலில் என் தம்பி அனிஷ் தன் ஆபீஸைச் சுற்றிக் காட்டினான். வரவேற்பில் ஒரு பிலிப்பைன்ஸ்காரி உட்கார்ந்திருந்தாள், வெளிர் பொன்னிறத்தில் முடி. "பாத்தியா, எப்படி இருக்குன்னு" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. இவள் போய் ப்ளீச் பவுடர் வாங்கி, துரு ஊறிய போர் தண்ணீரில் அலசி, மூன்று நாளாக வெளியே தலைகாட்டாமல் கிடக்கிறாள். மூன்று வருடக் கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து இருந்த நாளை மொத்தமாகக் கூட்டினால் நாலு மாதம் தேறாது. அந்த நாலு மாதத்தை நம்பி ஒருத்தி மண்டைத் தோலைச் சுட்டுக்கொள்கிறாள் என்றால் அவளை என்ன சொல்வது.

நாளைக் காலை அனிஷ் சார்ஜாவிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் இறங்குகிறான். அப்படித்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது உண்மையில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்குப் பிரசங்கத்தின் நடுவில் என் போனுக்கு அவன் அனுப்பியிருந்தான்: 'அக்கா, நான் வரல. டிக்கெட் கேன்சல். பசங்க எல்லாம் ஜார்ஜியா போறோம், பனி பாக்க. லீவு கிடைக்கலன்னு ரெனிஷாட்ட சொல்லிரு. நீ சொன்னா நம்புவா.' கீழே மூன்று பனிப்பொம்மைகள்.

முப்பத்திமூன்று வயது ஆணுக்குப் பனிப்பொம்மை. நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சங்கீதம் பாடினேன். பத்து வயதில் அவன் கோயில் ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, காற்றில் அடித்து உடைந்தது என்று உபதேசியாரிடம் சொன்னவள் நான். பிளஸ் டூவில் தோற்றபோது விடைத்தாள் மாறிப்போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னேன். போன தடவை பதினைந்தே நாளில் திரும்பி ஓடினபோது, கம்பெனியில் ஆள் குறைவு என்று இதே ரெனிஷாவிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஜெபகனி பொய் சொல்ல மாட்டாள் என்று எங்கள் சபையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

"என்னத்த வாங்கி வச்சிருக்க, எடு பாப்போம்" என்றேன்.

ஊதா நிறச் சாயம் ஒரு ட்யூப், ஒரு வெள்ளைக் கண்டிஷனர் குப்பி. நாள்பட நிற்காத சாயம், பத்துப் பன்னிரண்டு குளியலில் போய்விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. மஞ்சளை அடக்க ஊதா என்பதாவது யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ட்யூபைத் திறந்து நேராக உள்ளங்கையில் பிதுக்கப் போனாள்.

"ஏட்டி, அப்படியே அப்பினா கத்தரிக்கா மாதிரி ஆயிருவ. வை அங்க. போர் வெள்ளம் வேண்டாம், கிணத்துல ரெண்டு வாளி கோரிட்டு வா."

அவள் போய்க் கோரிக்கொண்டு வந்தாள். நான் ஒரு கிண்ணம் நிறையக் கண்டிஷனர் ஊற்றி, பயறளவு ஊதாவைக் கலந்தேன். போதவில்லை. இன்னொரு பயறு. வெளிர் ரோஜாவுக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறம் வந்ததும் நிறுத்தினேன். பிடரியில் உள்பக்கமாக ஒரு கற்றையில் தடவிப் பார்த்து, அது சரியாக இறங்கிய பிறகுதான் தலைக்கு வந்தேன். நுனி வெந்துபோயிருந்ததால் அங்கே சாயம் சட்டென்று பிடிக்கும், ஆகவே நுனியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். பச்சைக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியாக. ஊதாவுக்குள் இருக்கும் சிவப்பு அதைப் பார்த்துக்கொள்ளும். கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, அதையும் அவள் ப்ளீச் போட்ட அன்றைக்கே கிழித்திருந்தாள். வெறுங்கையால் போட்டேன்.

துவைகல்லில் என் முழங்காலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக வாய் ஓயாது. அன்று ஒரு பேச்சும் இல்லை. போனைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். புருஷன் வரப்போகும் வெட்கம் என்று நினைத்தேன், அந்த வெட்கமும் எனக்குச் சகிக்கவில்லை.

"ஏர்போட்டுக்கு விபின் கார் எத்தன மணிக்காம்?" என்று கேட்டேன். சும்மா, அவள் எவ்வளவு நம்பியிருக்கிறாள் என்று பார்க்க.

"நீங்கதான சொல்லணும் மைனி."

"நான் என்னத்தச் சொல்ல?"

"இல்ல, உங்ககிட்டதான அவிய எல்லாம் சொல்லுவாவ."

முடி சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அதை இரக்கம் என்று யாராவது நினைத்தால் தப்பு. காத்திருக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. காத்திருக்க வைக்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அவள்மேல் எனக்கு இருந்தது இளக்காரம், அவன்மேல் இருந்தது அருவருப்பு. இரண்டுக்கும் நடுவில் நின்று அவன் சொன்னதை இவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற என்னைப் பற்றி யோசிக்கத் தேவை வந்ததில்லை. வேலை ஒன்று கைக்கு வந்தால் திருத்தமாகச் செய்வேன், அது பழக்கம்.

பன்னிரண்டு நிமிடம் வைத்து, கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். ஊதாத் தண்ணீர் கல்லில் வழிந்து வாழைமரத்து மூட்டுக்குப் போனது. துவர்த்தால் ஒற்றி, விரித்துவிட்டேன். பின்பக்கத்து நிழலில் நிறத்தைப் பார்க்கக் கூடாது. கடையிலும் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த்தான் காட்டுவோம். அவளையும் கையைப் பிடித்து முன்வாசலில், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மஞ்சள் போயிருந்தது. பச்சை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. நல்ல சந்தன வெள்ளைப் பட்டு, அதிலும் கடையில் நான் யாருக்கும் எளிதில் எடுத்துக் காட்டாத ரகம். அந்த முகத்துக்கு அது பொருந்தவும் செய்தது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சொல்ல அதுதான் நேரம் என்று பட்டது. கடையில் விலை சொல்லும் அதே குரலில் சொன்னேன். "மக்கா, அனிஷ் மெசேஜ் போட்டிருக்கான். லீவு கிடைக்கலயாம். கம்பெனியில ஆள் இல்லியாம். ஒண்ணும் நினைக்காத. பாவம், கூப்பிட்டுப் பேசும்போ அழுதுட்டான்."

அவள் அழவில்லை. ஈரமுடியை விரலால் கோதி, நுனியைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தாள்.

"ஜார்ஜியாவுல இப்ப நல்ல தணுப்பு இருக்கும், இல்லியா மைனி?"

எதிர்வீட்டில் யாரோ குக்கரை இறக்கிவைத்தார்கள்.

"அவியகூட வேலை பாக்குத சிஜினுக்க பெண்டாட்டி நேத்தே சொல்லிட்டா. நாலு பேருக்கும் ஒண்ணாத்தான் டிக்கெட் போட்டாவளாம்."

"பின்ன என்னத்துக்குட்டி இத்தன பாடு?"

"வெளுத்த முடிய அப்படியே வைக்க முடியுமா? நான் இதோட வெளிய நடக்காண்டாமா?" என்றாள். பிறகு முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, "நீங்க சொல்லுவியளான்னும் பாத்தேன். ஒரு மணிக்கூறு எனக்க தலையில கை வச்சிட்டு இருந்தியளே. அவிய லீவுன்னு சொல்லச் சொல்லியிருப்பாவ, அது எனக்குத் தெரியும். அழுதான்னு அவிய சொல்லச் சொல்லல்ல. அது நீங்க போட்டது."

குரல் உயரவில்லை. என்னைப் பார்த்த பார்வையிலும் கோபம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கல்யாண வீட்டார் படியிறங்கிப் போன பிறகு, மடித்த சேலைகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே அவர்கள் முதுகை நான் பார்க்கும் பார்வை. பத்தொன்பது வருடத்தில் அது எதிரேயிருந்து எப்படி இருக்கும் என்று நான் கண்டதில்லை. எனக்கு நாணக்கேடாக இருந்தது. அதை மறைக்க வேறு முகம் எதுவும் அப்போது கைவசம் இல்லை.

அவள் கேட்டைத் திறந்து, மூன்று நாளைக்குப் பிறகு தெருவில் இறங்கினாள். ரப்பர் பால் கேனோடு சைக்கிளில் வந்த சுயம்புராஜ் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். அவள் முக்காட்டைத் தேடவில்லை.

நான் பின்பக்கம் போய்க் கையைக் கழுவினேன். அவசரத்தில் போர்க் குழாயைத் திறந்திருக்கிறேன். சோப்பைத் தேய்த்தும் நகக்கண்ணிலும் ரேகைகளிலும் ஊதா அப்படியே இருந்தது. காலையில் ஒரு மணப்பெண் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், இந்த விரல்களால்தான் வெள்ளையை விரிக்க வேண்டும். கல்லில் இருந்த என் போன் அதிர்ந்தது. அனிஷ்தான்.

'சொல்லிட்டியா அக்கா? நம்பினாளா?'

பெருவிரலைத் திரைக்கு மேலே கொண்டுபோனேன். அதிலிருந்து துருத்தண்ணீர் ஒரு சொட்டு, அவன் கேள்வியின் மேல் விழுந்தது.