மொய் வைத்த நட்சத்திரங்கள்

கனிமொழியின் அண்ணன் மாதவராஜுக்கு நல்ல மனசு. வம்பே அதில்தான். அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்பா விட்டுப்போன வாணியாறு லாட்ஜில் இருவருக்கும் சரிபாதி. அண்ணன் மஞ்சள் மண்டியைக் கவனித்தார். லாட்ஜை நடத்தியது தங்கை. ரூம்கள் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்ததால், தை பிறந்ததும் கட்டடத்தை ஒரு பர்னிச்சர் கடைக்கு வாடகைக்கு விடுவதாக அவர் பேசிவைத்திருந்தார். "அதுக்குள்ள ரூம் ரொம்பினா சொல்லு, அந்தப் பேச்சையே வுட்டுடறேன்," என்று தங்கைக்கு அவகாசமும் கொடுத்தார். கனிமொழிக்குப் பிழைப்பு, கௌரவம் எல்லாமே அந்த லாட்ஜ்தான். அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் கூகுளில், "வெந்நீர் வரவில்லை" என்று ஒற்றை நட்சத்திரத்தைக் குத்திவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான். சோலார் ஹீட்டர் என்பதால் மேல்மாடிக் குழாயில் மழை நாளில் பச்சைத் தண்ணீர்தான் வரும். கனிமொழி ஆளை வரவழைத்துக் கீசர் மாட்டினாள். அண்ணனோ சொந்தபந்தத்துக்குப் போன் போட்டார்.

சொந்தம் என்றால் சும்மாவா? கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி ஆளாளுக்கு ஐந்து நட்சத்திரம் வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டார் வைத்து இன்னொரு வீட்டார் வைக்காவிட்டால் பேச்சு வராதா? மொய் நோட்டில் எழுதிய பழக்கம் போகுமா, பேர், ஊர், உறவு எல்லாம் சேர்த்தே எழுதினார்கள். "பச்சியப்பன், நல்லம்பள்ளி, தாய்மாமன். லாட்ஜ் அருமை." "சின்னராஜ் குடும்பத்தார், பொம்மிடி. மேலும் மேலும் வளர வாழ்த்துகள்." வெளியாள் படித்தால் சிரிப்பார்களே என்று கனிமொழி பயந்தாள்.

பயந்தது நடந்தது. ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. அதில் ரோசம்மாள் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ், பள்ளித் தோழர்கள் எல்லாரும் பொங்கலுக்கு முன்னால் அரூரில் கூடப்போகிறோம், லாட்ஜ் முழுசாக வேண்டும், வாணியாறு லாட்ஜ் எப்படி என்று கேட்டிருந்தார். கீழே ஒருவர் அந்தப் பாராட்டுகளைப் படமாகப் போட்டு, "இது லாட்ஜா, கல்யாண மண்டபமா?" என்று எழுதியிருந்தார். குழுவே சிரித்துக்கொண்டிருந்தது.

மாதவராஜ் கொதித்துப்போனார். "நம்ம பசங்கள வுட்டு அவன நாலு கேள்வி கேக்கச் சொல்றேன். நீ சும்மா இரு."

"வேணாங்கண்ணா. அவரு சொன்னது நெசந்தானே? நம்ம மாமா ஒரு நாளாச்சும் இங்க தங்கியிருக்காரா? வந்தா நம்ம வூட்லதான படுக்கறாரு."

"அதுக்காக ஊரறிய ஒத்துக்குவியா? மானம் போயிரும்மா."

"மறைச்சாதாங்கண்ணா போவும். நான் எழுதறேன், நீங்க பாத்துட்டே இருங்க."

அவள் தன் பேரிலேயே எழுதினாள். "வணக்கம். நான் கனிமொழி, லாட்ஜை நடத்துகிறவள். ஐந்து நட்சத்திரம் வைத்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்தான். பாசத்தில் வைத்துவிட்டார்கள், ஒருவரும் இங்கே தங்கியதில்லை. எடுத்துவிடச் சொல்கிறேன். வெந்நீர் வராதது உண்மை. இப்போது கீசர் மாட்டியாயிற்று, வீடியோ கீழே இருக்கிறது. முன்பக்க ரூமில் விடியும் முன்பே சேலம் பஸ் ஆரன் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் பின்பக்கம் கேளுங்கள். லிப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரைத்தளம் தருகிறேன்."

வீடியோவில் குழாயடியில் கையை நீட்டியவள், "அய்யய்யோ!" என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டது அப்படியே பதிவாகியிருந்தது. அதை வெட்டாமலே போட்டாள். அந்த லாட்ஜை அவளைவிட யாருக்குத் தெரியும்?

நல்லம்பள்ளி மாமாதான் முறுக்கிக்கொண்டார். "வெச்ச மொய்ய திருப்பி எடுக்கச் சொல்றியே, இது எந்த ஊரு நாயம்?" அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கேலி செய்த ஆளே அந்த வீடியோவை நாலு இடத்தில் பகிர்ந்தார். தீர்த்தமலைக்கு வருகிறவர்கள் ரூம் கேட்க ஆரம்பித்தார்கள். ரோசம்மாள் போனிலேயே கூப்பிட்டார்.

"எங்க செட்ல பாதிப் பேருக்கு முழங்கால் வலிம்மா. நாங்க கேக்காமயே அதச் சொன்னது நீ ஒருத்திதான். மொத்த லாட்ஜும் எங்களுக்கே வெச்சிரு."

அவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே பர்னிச்சர் கடைக்காரரும் அளவு டேப்போடு வந்து நின்றார். மாடியெல்லாம் ஒரே சிரிப்பும் கும்மாளமும். மாதவராஜ் வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"ரெண்டு ரூம் தொறந்து காட்டுங்க, அளந்துட்டுப் போயிடறேன்."

"ரூம் காலி இல்லைங்க."

எத்தனையோ வருஷமாக அந்த வாசலில் யாரும் சொல்லாத வார்த்தை. சொன்னவருக்கே அது ருசித்திருக்க வேண்டும், இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

"அப்ப பொங்கல் கழிச்சு வரட்டுங்களா?"

மாதவராஜ் திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் போனில் யாருக்கோ, பொங்கலுக்குப் பிறகு முன்பக்க ரூம்தான் மிச்சம், ஆரன் சத்தம் கேட்கும், பரவாயில்லையா என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பவும் காலி இருக்காதுங்க," என்றார் மாதவராஜ். "இது எந்தங்கச்சி லாட்ஜு. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

கனிமொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. போனில் இருந்தவரிடம் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.