கிளறா வந்தால் துடிப்பவை

அலோசியஸின் உடற்கலங்களிலிருந்து ஆய்வுகூடத்தில் வளர்த்த இதயத் தசைத் துணுக்குகள், அவருடைய மனைவி கிளறா அறைக்குள் வந்தால் மட்டுமே துடித்தன.

சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் தோடம்பழம் பறித்துவந்த அலோசியஸுக்கு நெஞ்சு பலவீனப்பட்டபோது, கொடுத்த மருந்து எதுவும் ஒத்துவரவில்லை. ஆகவே அவருடைய இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்து இதயத் தசை வளர்த்தார்கள். மருந்துகளை முதலில் அதில் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்வதை அவருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. துணுக்குகள் பருப்பளவுக்கு வளர்ந்தன. ஆனால் துடிக்கவில்லை. துடிக்காத தசையில் எதைச் சோதிப்பது?

கிளறா நகரத்து லிபெர்த்தா வீதியில், 'சிஞ்ஞோரா' என்று மரியாதையாக அழைக்கும் வயதான இத்தாலிய அம்மா ஒருவரைப் பராமரித்து வந்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அலோசியஸ் அவளிடம் கதைத்ததெல்லாம் உப்பு, மழை, பஸ் பற்றித்தான். அலுத்துப்போய், லண்டனிலிருக்கும் தங்கை மொனிகாவிடம் ஒரேயடியாகப் போய்விடத் தீர்மானித்திருந்த நேரத்தில்தான் அவர் படுத்துவிட்டார். "ஆளை எழுப்பி நடக்கவிட்டிட்டு வாறன்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

நிலைமை விசாரிக்க அவள் ஆய்வுகூடக் கதவைத் திறந்தபோது, கண்ணாடித் தட்டுகளிலிருந்த அத்தனையும் ஒன்றாகத் துடித்தன. வெளியே போனாள்; நின்றன. டொக்டர் அவளை நாலைந்து முறை உள்ளும் புறமும் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார்.

மன்டரின் காலம் முடியும்வரை, வேலைவிட்டதும் கிளறா அங்கே வந்திருந்து செபமாலை சொன்னாள். "வீட்டிலை ஊமை, இஞ்சை கூத்து!" என்று தட்டுகளை ஏசிய நாளில் அவை துள்ளிய துள்ளலில் சோதனையே கெட்டது. கடைசியில் ஏற்ற மருந்து கிடைத்தது. அலோசியஸ் எழுந்து நடந்தார்.

கிளறா பயணப் பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டு, அவரைக் கேட்டாள்: "அங்கை அந்தத் துடி துடிக்குதுகள். இஞ்சை ஏன் ஒரு வார்த்தை இல்லை?"

அலோசியஸ் நிலத்தைப் பார்த்தார். "அதுகளுக்கு வெக்கமில்லை" என்றார். பெட்டியின் பிடியில் கையை வைத்து, "எனக்குக் கிடக்கு. போகாதையும்."

கிளறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு மொனிகாவுக்குப் போன் எடுத்தாள்.

துணுக்குகள் இன்னும் இருக்கின்றன. புதிதாக வரும் இதய மருந்துகளையும் முதலில் அவற்றில்தான் சோதிக்கிறார்கள். புதிதாக வரும் மாணவர்களுக்கு, கையுறை எங்கே, குளிர்பெட்டி எங்கே என்று காட்டும்போதே, சிஞ்ஞோரா கிளறாவுக்கு வியாழன் பின்னேரம்தான் லீவு, சோதனைகளை அன்றைக்கு வையுங்கள் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.