கண்ணாடிக்கடைக்காரர் வாங்கிய கேமரா

மூக்குக் கண்ணாடி விற்று இருபத்திரண்டு வருடம் பிழைத்தவர், தன் மூக்கின் மேல் மட்டும் ஒரு நாளும் கண்ணாடியை ஏற்றியதில்லை. நாற்பத்தொன்பது வயதில் அதுதான் அவருடைய தலையாய பெருமை. "நீங்க போடலையே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், "நமக்கு எதுக்குங்க?" என்று இரண்டு கண்ணையும் அகல விரித்துக் காட்டுவார். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

அவருக்குக் கேமரா ஆசை வந்ததற்கு மகள் காரணம். அவள் பள்ளியில் உயரம் தாண்டுகிறவள். போன வருடப் போட்டியில் இவர் மொபைலில் எடுத்த படத்தில் முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலை கம்பீரமாக விழுந்திருந்தது. ஒரு மூலையில் கடுகளவு இருந்தது மகளா, கொடிக்கம்பமா என்பதில் வீட்டில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. "பரவாயில்லப்பா" என்றாள் அவள். அந்தப் பரவாயில்லை ஒரு வருடமாக அவரை அரித்தது. இந்த வருடம் பள்ளியில் அவளுக்குக் கடைசிப் போட்டி.

"நீ கம்புக்கு மேல அந்தரத்துல இருக்கணும், முகம் பளிச்சுன்னு தெரியணும். அப்படி ஒரு படம் எடுத்துத் தரேன். இது அப்பா வாக்கு" என்று சொல்லிவிட்டார். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது.

புதுக் கேமராவின் விலையைக் கேட்டு நாக்கு வறண்டு வந்தவர், பழையதே போதும் என்று முடிவு செய்தார். அதை விற்றவர் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் இளைஞர். 'ஸ்மைல் ப்ளீஸ்' சொல்லிச் சொல்லியே அவருக்கு ஸ்மைல் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் சிரித்து மட்டும் யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்தார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், வாயால் ஊதினார்.

"எத்தனை க்ளிக் அடிச்சிருக்கு தம்பி?"

"முப்பத்தெட்டாயிரம் சார்."

"அவ்வளவா?"

"நாலு மடங்கு தாங்கும் சார். இதோட வர்ற சின்ன லென்ஸ் வீட்டு விசேஷத்துக்குப் போதும். மைதானத்துல தூரத்துல இருக்கிறவங்களை எடுக்கணும்னா எழுபது முந்நூறு ஜூம் வாங்கிக்குங்க. மத்ததெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

நியாயமான பேச்சு. ஆனால் நம்மவர் யார் பேச்சைக் கேட்டார்? சின்ன லென்ஸ், ஜூம் லென்ஸ், தோள்பை, முக்காலி, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர், வெயில் மறைக்கும் ஹூட், தூசி ஊதும் ரப்பர் பந்து என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தார். கேமரா வாங்கப் போனவர் ஏதோ படையெடுப்புக்குப் போகிறவர் போல வீடு திரும்பினார்.

முற்றத்தில் நின்று கேமராவில் கண்ணை வைத்தார். எதிரே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி மங்கலாகத் தெரிந்தாள். ஜூமைத் திருகினார். பெரிய மனைவியாக, இன்னும் மங்கலாகத் தெரிந்தாள். படத்தை எடுத்துப் பின்னால் இருந்த சின்னத் திரையில் பார்த்தார். அங்கேயும் மங்கல்தான்.

"லென்ஸ்ல பூஞ்சை இருக்கு. ஏமாத்திட்டான்" என்றார்.

மனைவி வந்து திரையைப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? என் நரைமுடிகூடத் தெரியுது. இதை முதல்ல அழிங்க."

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே ஜூமைக் கொடுத்துவிட்டு வேறு ஜூம் வாங்கினார். அதுவும் மங்கல். அதைக் கொடுத்துவிட்டு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினார். கண்ணாடி போலத் துல்லியமாக விழும் என்று யாரோ சொன்னார்களாம். அதிலும் மங்கல். ஃபில்டரைக் கழற்றினார், மாட்டினார். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கை வலித்ததுதான் மிச்சம்.

ஸ்மைல் பொறுமைசாலி. "சார், கண்ணு வைக்கிற துளைக்குப் பக்கத்துல ஒரு குட்டிச் சக்கரம் இருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் திருப்புங்க. அவங்கவங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி—"

"தெரியும் தம்பி. நானும் லென்ஸ் வியாபாரிதான். அது கண்ணு சரியில்லாதவங்களுக்கு" என்று அவர் வெட்டிவிட்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மூன்றாவது ஜூமை எடுத்துக்கொண்டு ஸ்மைலே கடைக்கு வந்தார். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள்.

"சார், இதுல நேத்துதான் ஒரு கல்யாணம் எடுத்தேன். இதுவும் மங்கல்னா, ஒரு தடவை நீங்க கண்ணைச் செக் பண்ணிக்கறது…"

கண்ணாடிக்கடைக்காரர் விருட்டென்று எழுந்தார்.

"என் கண்ணையா? தினம் காலையில கடை திறந்ததும் முதல் வேலையா உள்ளே கண்ணு செக் பண்ற அட்டையைப் படிக்கிறேன். கடைசி வரி வரைக்கும். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு எழுத்து தப்பினதில்லை!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மனைவி முணுமுணுத்தாள். பிறகு ஏதோ உறைத்தவளாக, "எல்லா நாளும் அதே அட்டையா?" என்று கேட்டாள்.

"பின்னே? கடை திறந்த அன்னிக்கு மாட்டினது."

மனைவி ஸ்மைலைப் பார்த்தாள். ஸ்மைல் மகளைப் பார்த்தார். மகள் எழுந்து கடைக் கம்ப்யூட்டர் பக்கம் போனாள்.

பத்து நிமிடத்தில் உள்ளறையில் அவரை நிற்க வைத்தார்கள். எதிர்ச் சுவரில் அட்டை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, பள்ளிப் பிள்ளை பாட்டு ஒப்பிப்பது போல ஆரம்பித்தார்.

"ட. ப, ர. ம, க, ல…" மூச்சு வாங்காமல் கடைசி வரிக்கு வந்து, "ன, ச, வ, ய, ப, ட, ர" என்று முடித்து, எப்படி என்பது போலத் திரும்பினார்.

ஸ்மைல் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனைவிதான் அவர் கையைப் பிடித்து அட்டைக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள். அது அவருடைய அட்டையே இல்லை. கம்ப்யூட்டரில் அடித்துப் பழைய அட்டையின் மேல் ஒட்டிய தாள். முதல் எழுத்து மட்டும்தான் பழசு. கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: அப்பா நீங்க தோத்துட்டீங்க.

அதைப் படிக்க அவர் சுவரிலிருந்து ஒரு முழம் வரை நெருங்கி, மறுபடி பின்னால் வந்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்ட வேண்டியிருந்தது. முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் மனுஷர் கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களை உட்கார வைத்த நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தார். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று. இரண்டு பவரும் அவருக்கு இருந்தன.

போட்டி நாளன்று புதுக் கண்ணாடியோடு மைதானத்தில் உட்கார்ந்தார். கேமராவில் கண்ணை வைத்தால் கண்ணாடி இடித்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். குட்டிச் சக்கரத்தைத் திருப்பினார். ஒரு சொடுக்கு, இரண்டு சொடுக்கு. சட்டென்று மகள் வந்துவிட்டாள். மேலுதட்டு வியர்வை, அவிழ்ந்து தொங்கும் ஷூ நாடா நுனி, கன்னத்து மச்சம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

ஓடத் தொடங்கும் கோட்டில் நின்றவள், கம்பைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். தேடினாள். நேராக அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். ஒரு நொடி காத்திருந்துவிட்டு ஓடினாள். கம்பு விழுந்தது. அவர் க்ளிக் பண்ணவே மறந்துபோனார்.

"என்னைப் பார்த்தாளே?" என்றார் மனைவியிடம்.

"எப்பவும் பார்ப்பா. ஆறு வருஷமா தாண்டுறதுக்கு முன்னாடி உங்களைத்தான் பார்க்கிறா. நீங்கதான் கையை ஆட்டறதே இல்லை. அப்பாவுக்கு டென்ஷன்னு அவளே சொல்லிக்குவா."

அவர் கேமராவை மடியில் இறக்கி வைத்தார். ஆறு வருடம் அவள் பார்த்திருக்கிறாள். இவர் மங்கலான ஒரு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரி தெரியும் என்ற திமிரில் உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. இரண்டாவது முறையும் கம்பு விழுந்தது, அப்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை. அவள் திரும்பினாள், தேடினாள், பார்த்தாள். அவர் அமுக்கினார். பிறகு கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசி வீசி ஆட்டினார். பின்வரிசையில் இருந்தவர்கள் திட்டினார்கள். அவள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து, எம்பி, கம்பைத் தாண்டினாள்.

மாலையில் மகள் கேமராத் திரையில் அந்த ஒரே படத்தைப் பார்த்தாள். நேராகப் பார்க்கும் அவள் முகம், பளிச்சென்று.

"தாண்டினது எங்கப்பா?"

"அப்போ ரெண்டு கையும் வேலையா இருந்துச்சும்மா" என்றார் அவர் குற்றவாளியைப் போல.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவைத் தூக்கி அப்பாவை நோக்கிக் கண்ணை வைத்தாள்.

"என்னப்பா, ஒரே மங்கலா இருக்கு?"

"அந்தச் சக்கரத்தைத் தொடாதே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "அது கண்ணு சரியில்லாதவங்களுக்கு வச்சிருக்கு."