பள்ளத்தில் ஒரு கோட்டை

கிஸ்லேன் மண்வெட்டியை ஊன்றிய இடம் தப்பான இடம். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். பதினாறு வருடமாக ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பெர்க் கடற்கரைக்கு வந்து மணற்கோட்டை கட்டுகிற குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் பால் குடிக்கிற பிள்ளைகூட அங்கே கட்டாது. பெர்க்கில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்போது நேராக வராது. எதிரே நீளமாகக் கிடக்கும் மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு, மேட்டுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தின் வழியாகப் பூனைபோல முதுகுப்பக்கம் வந்து நிற்கும். கடலைப் பார்த்து மதில் எழுப்பிவிட்டுப் பெருமையாக நிற்கிற வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நனைவது பின்பக்கம்தான். இதைக் கல்யாணமான வருடம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவள் புருஷன் ரெஜிஸ். அந்த ரெஜிஸ் இப்போது அறுபது எழுபது அடி தள்ளி, கடற்சுவரின் மேலே ஒரு பெஞ்சில், நீளக் கால்சட்டையும் இறுக்கி முடிபோட்ட பழுப்பு ஷூவுமாக உட்கார்ந்திருந்தான். கரை முழுக்க ஜனம் அரைக்கால் சட்டையில் திரிந்தது.

"அம்மா, இது பள்ளம்மா" என்றாள் மனோன். பதின்மூன்று வயது, அப்பாவின் தாடை, அப்பாவின் வாய்.

"இருக்கட்டும்."

"அப்பா பாத்தாருன்னா கத்துவாரு."

"கத்தட்டும்" என்றாள் கிஸ்லேன். முதல் வெட்டு மண்ணை எடுத்து முன்பக்கம் போட்டாள்.

பதினான்கு மாதத்துக்கு முன் சரக்குக் கிடங்கில் தூக்கு வண்டி ஒன்று சரிந்தது. ரெஜிஸின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக்கால் வந்தது, நடை வந்தது, எட்டு மாதத்தில் அதே கிடங்கில் மேசை வேலையும் வந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று அவர்கள் ஊரான பெத்யூனில் தெருக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். ஊர்க் கண்ணுக்குத் தெரியாதது கிஸ்லேனுக்குத் தெரியும். குளியலறைக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் அவன் அந்தக் காலைக் கழற்றுவான். விளக்கை அணைத்தபிறகுதான் கட்டிலுக்கு வருவான். மகள் அவனுடைய மிச்சக் காலை ஒருநாளும் பார்த்ததில்லை. போன வருடம் அவன் பெர்க்குக்கே வரவில்லை. இந்த வருடம் அவள் கெஞ்சியதற்காக வந்தான். வந்தவன் சுவரோடு நின்றுகொண்டான். அடுத்த வருடம் வீட்டுச் சமையலறை நாற்காலியிலிருந்தே எழுந்திருக்க மாட்டான். அப்புறம் அந்த நாற்காலி அவனுக்கு என்று ஆகிவிடும், அவனும் அந்த நாற்காலிக்கு என்று ஆகிவிடுவான்.

காலையில் காரைவிட்டு இறங்கும்போதே அவள் கேட்டுப் பார்த்தாள். பின் இருக்கையில், மதியச் சாப்பாட்டுக்கு வாங்கிய மறுவால் என்கிற பாலாடைக்கட்டி வெயிலில் வெந்து, ஊரையே தூக்கிவிடுகிற நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. முதலுதவிக் கொட்டகையில் மணலில் உருட்டிப் போகிற பலூன் சக்கர நாற்காலி சும்மா தருகிறார்கள், முன்கூட்டியே பேர் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

"தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளப் போறியா?" என்றான் ரெஜிஸ். "வாயில குழந்தைக்கு வெக்கிற ரப்பர் காம்பும் ஒண்ணு சொருகிடு. வர்றவங்கல்லாம் கன்னத்தக் கிள்ளிட்டுப் போகட்டும்."

"சரி, கழட்டி வெச்சுட்டு என் தோளப் புடிச்சுக்கிட்டு வா."

"இந்தக் காலோட கணுக்கால் மூட்டுல மணல் போனா கெட்டுப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கான்."

"கழட்டிட்டு வான்னுதானே சொல்றேன்."

அவன் குனிந்து ஷூ முடிச்சை இன்னும் இறுக்கினான். டாக்டர் சொன்னது நிஜம்தான். ஆனால் ஒரு நிஜத்தைப் போட்டு இன்னொரு நிஜத்தை மூடுவதில் ரெஜிஸ் கெட்டிக்காரன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். இந்த மாடு எதற்கும் மசியாது. ஆனால் கண்ணெதிரே ஒருத்தி தப்பாகக் கறப்பதைப் பார்த்தால் மட்டும் பொறுக்காது, தானே எழுந்து வந்துவிடும். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குக் கீரை தின்னவைக்கிற பொம்பிளை கிஸ்லேன். யாருக்கு எதை எப்படி ஊட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

முப்பது அடி தள்ளி வாஸெர் குடும்பம் கட்டிக்கொண்டிருந்தது. அராஸ் ஊர்த் தபால்காரர், பெருத்த உடம்பு, ஒவ்வொரு வருடமும் இதே நாளில் இவர்களுக்குப் போட்டி. விதி சின்னது: கடல் ஏறி வரும்போது குடும்பம் முழுக்கக் கோட்டைமேல் நிற்க வேண்டும். எவர் கோட்டை கடைசியாகப் பிளக்கிறதோ அவர்களுக்கு அடுத்த வருடம் இடம் தேர்ந்தெடுக்கிற முதல் உரிமை. அவ்வளவுதான் பரிசு. அதற்காகப் பெரிய மனிதர்கள் மூச்சு வாங்க மண் சுமந்தார்கள்.

வாஸெர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "என்ன கிஸ்லேன், மீனுக்கு வீடு கட்டறியா?"

"உங்க வேலையப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க கோட்டை ஒரு காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கரைஞ்சுது."

"அப்போ ரெஜிஸ் இருந்தான்" என்று ஆரம்பித்த வாஸெர், சுவர் மேலே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இருக்கான். இருக்கான்ல" என்று முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்.

கிஸ்லேன் முன்மதிலை இடுப்பளவு உயர்த்தினாள். பின்மதிலை முழங்கால் அளவோடு விட்டாள். அதுவும் மேலாக வாரிய காய்ந்த மணல், ஊதினால் பறக்கும். மேலே ரெஜிஸ் எழுந்து நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் கையை நீட்டி, விலக்கி, திரும்ப நீட்டி ஏதோ சைகை செய்தான்.

"அம்மா, அப்பா கை காட்டறாரு."

"காத்துல ஒண்ணும் கேக்கலடி."

"கைய எதுக்குக் கேக்கணும்? பாத்தா போதாதா?"

கிஸ்லேன் குனிந்து மண்ணை அள்ளினாள். மனோன் வாளியைத் தரையில் போட்டாள். "நீ வேணும்னே பண்றே."

"ஆமா."

"அப்பா வரணும்னு."

"ஆமா."

மனோன் கடலைப் பார்த்தாள். மணல்மேட்டின் இரண்டு முனையிலும் தண்ணீர் பளபளக்கத் தொடங்கியிருந்தது. "வரலேன்னா?"

"தோத்துப் போவோம். நீ அள்ளு."

தண்ணீர் பள்ளத்துக்குள் நுழைந்தது. அரவம் இல்லை, நுரை இல்லை. ஈரம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து எழுந்ததுபோல வந்தது. பின்மதிலின் அடி கறுத்தது. கிஸ்லேன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். பெஞ்ச் காலியாக இருந்தது.

காருக்குப் போயிருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எத்தனை பெரிய முட்டாள் நான் என்று நினைத்தாள். ஊனத்தை ஒளிக்கிறவனைச் சீண்டினால் வருவான் என்று எந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் படித்தேன்? கோபம் வந்தது, அவன் மேல் கொஞ்சம், தன் மேல் நிறைய. போனால் போகட்டும். மகள் நிற்கிற கோட்டையையாவது விழவிடக் கூடாது. அவள் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தாள். இதுவரை நடிப்புக்கு வெட்டியவள் இப்போது நிஜமாகவே வெட்டினாள். அடிமண்ணை, ஈர மண்ணை, கனத்த மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் பின்பக்கம் அறைந்தாள். தோள்பட்டை எரிந்தது.

"அம்மா" என்றாள் மனோன், சின்னக் குரலில்.

சுவரிலிருந்து மணலுக்கு இறங்கும் படிக்கட்டில், கீழிருந்து மூன்றாவது படியில் ரெஜிஸ் உட்கார்ந்திருந்தான். கால்சட்டையின் வலது பக்கத்தை மடித்தான். நிதானமாக, காய்கறி நறுக்குகிறவன்போல ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பட்டையைத் தளர்த்தினான். காலைக் கழற்றி, ஷூவோடு, பக்கத்தில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் நிறுத்தி வைத்தான். படி ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் அப்படியே நின்றுவிட்டது. அவன் அவர்களை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னான். அவர்கள் அவசரமாக ஒதுங்கினார்கள். பிறகு மணலில் இறங்கி உட்கார்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, இடது குதிகாலால் உந்தி, பின்பக்கமாகவே நகர ஆரம்பித்தான்.

மனோன் ஓடப் போனாள். கிஸ்லேன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடும்மா."

"இரு. அவனா வரட்டும். நம்ம வேலை மண்ணு அள்ளறது." சொல்லும்போது அவள் பல் கிட்டியிருந்தது. ஓடிப் போய்த் தூக்கிவிட வேண்டும் என்று அவள் உடம்பு முழுக்கத் துடித்தது. தூக்கினால் எல்லாம் கெட்டது என்றும் தெரிந்தது.

வாஸெர் குடும்பம் மண்வெட்டியைப் பிடித்தபடியே வாய் பிளந்து நின்றது. வாஸெர்தான் முதலில் சுதாரித்தார். "தோண்டுங்கடா. வேடிக்கை என்ன வேண்டியிருக்கு? தண்ணி வருது" என்று தன் வீட்டு ஆட்களை அதட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு தானும் தோண்டினார்.

அறுபது அடி. நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். கோட்டையடிக்கு வந்தபோது அவன் கால்சட்டை நனைந்து, உள்ளங்கை சிவந்து, முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. அவன் முன்மதிலைப் பார்த்தான். பின்மதிலைப் பார்த்தான்.

"இங்க கட்டச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"இது பள்ளம்னு தெரியாது?"

"தெரியும்" என்றாள் கிஸ்லேன்.

ரெஜிஸ் அவளையே பார்த்தான். காலையில் ரப்பர் பேச்சுப் பேசியபோது இருந்த வெடுக்கு முகத்தில் இல்லை. கண் நிறைந்திருந்ததா, காற்றில் மணல் விழுந்ததா, அவனையே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். "கொழுப்பு புடிச்சவ" என்றான் கடைசியில்.

"உனக்கு வாக்கப்பட்டு வந்ததுதான்."

மனோன் அவன் மிச்சக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது வெளுத்து, உருண்டு, நுனியில் இளஞ்சிவப்பாகத் தையல் தழும்பு ஓடி இருந்தது. ரெஜிஸ் அதை மறைக்கக் கையைக் கொண்டுபோனான், கை நிறைய மணல், வழியிலேயே நிறுத்தினான்.

"வலிக்குதாப்பா?"

"குளிருது" என்றான். பிறகு குரலை உயர்த்தினான். "வாயப் பாக்காம அள்ளு. முன்னால இருக்கறத வெட்டிப் பின்னால போடு. ஈர மண்ணு, ஈர மண்ணு. இந்தக் காஞ்ச மண்ண எவ அள்ளினது?"

"அம்மா" என்று மனோன் காட்டிக்கொடுத்தாள்.

மூன்று பேரும் அள்ளினார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் சுற்றி வந்து சேர்ந்துகொண்டது. ரெஜிஸ் கோட்டையின்மேல் தன்னை இழுத்து ஏற்றிக்கொண்டான். பின்மதிலில் ஒரு கீறல் விழுந்து, கீறல் வாயாகத் திறந்தது. போட மண் இல்லை. அவன் நகர்ந்து போய் அந்த வாயில் தன் முதுகைக் கொடுத்து அடைத்து உட்கார்ந்தான். இரண்டு பக்கத்திலும் கிஸ்லேனும் மனோனும் கைநிறையச் சேற்றை அவன் தோளில், விலாவில், இடுப்பில் வைத்துப் பூசினார்கள். முப்பது அடி தள்ளி வாஸெர் கோட்டையும் இன்னும் நின்றது. அங்கிருந்து ஒரு குரல், "ரெஜிஸ், முதுகு கணக்குல சேராது" என்று கத்தியது.

"விதியில எங்க எழுதியிருக்கு?" என்று இவன் திருப்பிக் கத்தினான்.

கிஸ்லேன் ஒருதரம் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள். நடுவில் இருந்த மணல் முழுக்க இப்போது தண்ணீர். அவன் கை பதித்த குழிகள் ஒன்றும் இல்லை. படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல், வெயிலில் அந்தக் கால் தனியாக நின்றுகொண்டிருந்தது. பழுப்பு ஷூ, இறுக்கிப் போட்ட முடிச்சு, துளி மணல் இல்லை. கடல் முதல் படியில் ஏறிக்கொண்டிருந்தது.