ஈரம் காயாத கட்டில்

என் அண்ணன் தச்சன். பிடித்தால் பிடித்த பிடிதான். ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவைப் புதுக்கட்டிலில்தான் கொண்டுவந்து படுக்கவைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பழைய கட்டில் தாழ்வு, அதிலிருந்து அம்மாவால் எழுந்திருக்க முடியாது என்பது உண்மைதான். "என் கட்டில் உயரம்தானே, அதுல படுத்துக்கட்டுமே" என்றேன். காதில் வாங்கினால்தானே!

கட்டில் அழகாகத்தான் வந்தது, குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை. வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய்தான் என்றான். அந்த மரத்தில் இழை நெடுக ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். எண்ணெயைத் தடவி, குடிக்கிறவரை குடிக்கவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த கை தடவ வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவன், அம்மாவுக்கு என்றதும் அவசரப்பட்டான். ஈரம் காய்வதற்குள் இரண்டாவது கை, அதன்மேல் இன்னொன்று. துளைகள் குடித்ததையெல்லாம் திருப்பிக் கக்கின. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி பொட்டுப்பொட்டாக எண்ணெய் நிற்கும். கூடம் முழுக்க அந்த வாடை.

"நுரையீரல் சரியில்லாதவங்க. வீட்ல வாடை அடங்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எப்படா வீட்டுக்கு?" என்று அம்மா கேட்பாள்.

"நாளைக்கும்மா" என்பான் அண்ணன். அவனுடைய நாளைக்கு வருகிற வழியாக இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டிலைத் தூக்கி வெளிய போடு. உனக்கு அம்மா முக்கியமா, மரம் முக்கியமா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்தேன். அம்மாவுக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்டி."

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் அவன் அம்மாவிடம் போகமாட்டான். அன்றைக்கு அதற்குக்கூட நேரம் கொடுக்காமல், "நீயே வந்து அம்மா மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அம்மா அவன் கையைப் பிடித்தாள். பிறகு மெதுவாக மூக்கருகே கொண்டுபோனாள். அவன் பதறிப்போய் இழுத்தான், அவள் விடவில்லை.

"இந்த வாசத்துக்கா என்னை இங்கயே போட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள். "உங்கப்பாவும் தச்சுவேலைதானடா பார்த்தாரு. சாகிற வரைக்கும் தினம் இந்த வாசத்தோடதான் வந்து பக்கத்துல படுப்பாரு. இது இல்லாமதான் எனக்கு இங்க தூக்கமே வரல. கூட்டிட்டுப் போடா."

டாக்டரிடம் ஓடினோம், கெஞ்சினோம். காலையில் பார்க்கலாம் என்றார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

அம்மாவை அந்தக் கட்டிலில்தான் கிடத்தினோம். சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் தோளுக்குப் பக்கத்தில், வெள்ளை விரிப்பில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரிந்தன. அண்ணன் உள்ளே போய்த் துணி எடுத்துவந்தான். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, யாரையும் பார்க்காமல் சட்டத்தைத் துடைத்தான். எண்ணெய் மறுபடி வந்தது. மறுபடி துடைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுண்ணா, துடைக்காத. அம்மா தூங்கட்டும்."

துணி கீழே விழுந்தது. அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.