ஐந்து மணிக்குள் ஒரு லேப்டாப்

காங்கேயம் பக்கத்தில் தோட்டத்துக் கிணறுகளை ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்குள் சொந்த லேப்டாப்பில் பதிய வேண்டும். பதியாத கிணறு கிளம்பி, தன்னைக் கூப்பிடுகிற வேறு தோட்டத்துக்குப் போய்விடும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மறந்துவிட்டார். கிணறு இருந்த இடம் தானாக மூடிக்கொண்டது. இப்போது அங்கே கம்பு விதைத்திருக்கிறார்.

செல்போனில் பதிந்தால் கிணறுகள் ஒப்புக்கொள்வதில்லை. அவ்வளவு சின்னத் திரையில் தங்களை அடக்குவது மரியாதையில்லை என்று நினைக்கின்றன. அடுத்தவர் லேப்டாப்பில் பதிந்தாலோ, அந்த அடுத்தவரிடமே போய்விடும்.

நாச்சம்மாளின் தோட்ட ஆபீஸில் இருந்த லேப்டாப் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அணைந்தது. சார்ஜரை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கவிழ்த்துத் தூசி தட்டிப் பார்த்தாள். எழவில்லை. மூன்று மணிக்குக் கணவன் செல்லமுத்துவைக் கிணற்று மேட்டில் உட்காரவைத்தாள்.

"பேச்சு குடுத்துட்டே இருங்க. நான் வந்தர்றேன்."

"என்னத்தப் பேசறது?"

"எதையாச்சும் பேசுங்க."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லேப்டாப் கடை வைத்திருந்த முபாரக் அவளை உட்காரச் சொன்னான்.

"தோட்ட ஆபீஸுக்குங்களா அக்கா? என்னென்ன வேலை?"

"ஆள் வருகை எழுதோணும். தேங்காய் லோடு பில்லு போடோணும். சொட்டுநீர் எந்த வயலுக்கு எப்போன்னு குறிக்கோணும். முக்கியமா, அஞ்சு மணிக்குள்ள கிணறு பதியோணும். இருபதாயிரத்துக்குள்ள பாருங்க."

முபாரக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணி பத்து நிமிடம். வேகமாக மூன்று லேப்டாப்களை எடுத்து வைத்தான்.

முதலாவது புத்தம் புதியது. பளபளவென்று இருந்தது. விலை அவள் சொன்னதைப்போல் மூன்று மடங்கு. அதோடு அது ஏசி இல்லாத ஊருக்கு வர மறுத்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

இரண்டாவது விலை குறைவு. தூசி தாங்கும், வெயிலிலும் திரை தெளிவாகத் தெரியும். ஆனால் ஒரு உப்பளத்து ஆபீஸில் ஐந்து வருடம் இருந்தது. கிணறு என்று அடித்தால் கடல் என்றே பதிந்தது. நாச்சம்மாள் நான்கு தடவை அடித்துப் பார்த்தாள். நான்கு தடவையும் கடல்.

போன் அடித்தது. செல்லமுத்துவின் குரல் தணிந்திருந்தது.

"நாச்சி, கிணறு மூணு படிய உள்ள இழுத்துக்குச்சு."

"பேசுங்க. நிறுத்தாதீங்க."

மூன்றாவது பதினெட்டாயிரம். பேட்டரி ஆறு மணி நேரம் நிற்கும். கரண்ட் போனாலும் வேலை கெடாது. கீபோர்டில் எழுத்துகள் அழியாமல் இருந்தன.

"இதுல என்ன குறை?" என்று கேட்டாள்.

"வக்கீல் ஆபீஸ்ல இருந்ததுங்க அக்கா. எதைப் போட்டாலும் விசாரிச்சிட்டுத்தான் ஏத்துக்கும். பொய் சொன்னா அணைஞ்சிரும்."

மணி நாலு முப்பத்தெட்டு. நாச்சம்மாள் பணத்தை எடுத்து வைத்துவிட்டு அங்கேயே திறந்து அடித்தாள்: கிணறு எங்களுடையது.

*ஆதாரம்?* என்று திரையில் வந்தது.

மாமனார் காலத்தில் வெட்டியது என்று அடித்தாள். *வெட்டியவரைக் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்* என்றது. வருடம் தவறாமல் தூர் வாருவதாக அடித்தாள். ஏற்றுக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் ஆழ்துளைப் போர் போட்டபோதும் தாங்கள் போடவில்லை என்று அடித்தாள். அது அதோடு விடவில்லை.

*போட நினைத்ததுண்டா? கிணறு கேட்கும்படி வாயால் சொல்லவும்.*

பங்குனியில் போர் லாரிக்காரனை நாச்சம்மாள் வரச் சொன்னது செல்லமுத்துவுக்குத் தெரியாது. கிணற்றுக்கும் தெரியாது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அணைந்துவிடும். ஆமாம் என்றாலோ, அதைக் கேட்ட பிறகு எந்தக் கிணறு நிற்கும்?

மீண்டும் போன்.

"ஏழு படி போச்சு. மோட்டார் பைப்பை உதறுது நாச்சி."

"ஏனுங்க, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கிணத்துக்குள்ள காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

மணி நாலு ஐம்பத்தைந்து. முபாரக் மின்விசிறியை நிறுத்தினான்.

"பங்குனில நான் லாரிக்காரனை வரச் சொன்னேன்," என்றாள் நாச்சம்மாள். "உன் தண்ணி முழங்காலுக்குக் கீழ போயிருச்சு. எனக்குப் பயமாயிருந்துச்சு. நம்ம தோட்டத்துத் தடம் முனைவரைக்கும் லாரி வந்துச்சு. அந்தச் சத்தத்துல நீ எப்படி இருப்பேன்னு நினைச்சேன். திருப்பி அனுப்பிட்டேன். இவருகிட்டயும் சொல்லலை."

போனில் ஒரு சத்தமும் இல்லை. செல்லமுத்து அந்தப் பக்கம் இருக்கிறானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பத்தேழு ஆனது. ஐம்பத்தெட்டு ஆனது. அவள் லேப்டாப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாச்சி," என்றான் செல்லமுத்து கடைசியில். "ஒரு படிய வெளிய உட்டிருக்குது." பிறகு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொல்லியிருக்கோணும்."

*பதியப்பட்டது* என்று திரை காட்டியது. முபாரக் மின்விசிறியைப் போட்டுவிட்டு, பில்லையும் ஒரு பையையும் கொடுத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாச்சம்மாள் ஆபீஸைத் திறந்தபோது, போன ஐப்பசியில் வராமல் போன மழை வாசலில் நின்றுகொண்டிருந்தது. இங்கே பொறுமையாக விசாரிக்கிற லேப்டாப் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதாம். தன் தரப்பையும் சொல்ல வேண்டும் என்றது.

நாச்சம்மாள் மேஜையில் இருந்த காகிதங்களை அலமாரிக்குள் எடுத்து வைத்தாள். நனைந்தாலும் கெடாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள். "ஊர், பேர் மொதல்ல சொல்லுங்க."