பீடத்தண்டை நின்ற கடா

லாசரஸ் சபை நடுவில் தலைகுனிந்து நிற்க வேண்டும். தபீதாளுக்கு மாசக்கணக்காக வேறு ஜெபமே கிடையாது.

பம்மலில் இரண்டு குடும்பமும் ஒரே சந்து. லாசரஸ் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி, சபையில் கமிட்டி மெம்பர். தன் மகனுக்குத் தபீதாளின் மகள் சலோமியைப் பெண் கேட்டான். குடிகாரப் பயலுக்குக் கொடுக்க மாட்டேன் என்று தபீதாள் அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டாள். பிறகு கூடுவாஞ்சேரியில் ஒரு ரயில்வே மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் நழுவினார்கள். காரணம் கேட்டால் மழுப்பல். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாப்பிள்ளையின் சித்தியை மடக்கிக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பெண்ணுக்கு வலிப்பு என்று லாசரஸ் அவர்கள் வீடு தேடிப் போய் வத்தி வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணுக்குத் தலைவலிகூட வந்ததில்லை, பாவி.

“வுட்டுடும்மா, யாருக்கும் தெரியாம போவட்டும்,” என்றாள் சலோமி. விடுகிற ஆளா தபீதாள்? அவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு சபைப் போதகர் ஏசுதாசன் ஐயர் பலியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மோசே காலத்தில் பலிக்கு ஆட்டுக்கடா கொண்டுவருகிறவன் அதன் தலையில் கைவைத்துத் தன் குற்றத்தை அறிக்கையிடுவானாம். இப்போது கடா அறுப்பது இல்லை, ஆனால் ஒழுங்கு மாறவில்லை. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ, ஒப்புரவாகு என்றார். பாதி சபை தூங்கி வழிந்தது. பிரசங்கம் என்றாலே கொட்டாவி விடும் தபீதாள் அன்று இமைகூடக் கொட்டவில்லை.

பண்டிகையன்று பூசணியும் வாழைத்தாரும் கோழியும் காணிக்கையாகப் பீடத்துக்கு வரிசையாகப் போயின. லாசரஸ் சாமந்தி மாலை போட்ட கொழுத்த கடாவைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இழுத்து வந்தான். பீடத்தை நெருங்கியதும் தபீதாள் எழுந்தாள்.

“ஐயரே, எனக்கு அந்த ஆள் மேல குறை கீது. கடாவ அங்கயே வுட்டுட்டு என்னாண்ட வரச் சொல்லுங்க. நீங்க சொன்னதுதானே.”

சொன்ன பிரசங்கத்தை ஐயரால் விழுங்க முடியுமா? லாசரஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

“வெளிய போய்ப் பேசிக்கலாம்க்கா,” என்று லாசரஸ் குழைந்தான்.

“இன்னாத்துக்கு வெளிய? கடா தலைல கை வச்சி சொல்லு. யாராண்ட போயி இன்னா சொன்ன?”

லாசரஸ் கடாவின் தலையில் கை வைத்து முணுமுணுத்தான்.

“பின்னாடி கேக்கல,” என்றாள் தபீதாள். “மைக்குல சொல்லு.”

வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் தெரு முழுக்க அலறியது. “கூடுவாஞ்சேரிக்காரங்களாண்ட சலோமிக்கு வலிப்புன்னு சொன்னேன். பொய்யி. மன்னிச்சிடுக்கா.”

தபீதாளுக்கு வயிறு குளிர்ந்தது. மன்னித்தேன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அவன் தலை தொங்குவதை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் மகள் பக்கம் திரும்பினாள்.

பெண்கள் வரிசையில் குசுகுசுப்பு ஓடிக்கொண்டிருந்தது. “வலிப்பா? நமக்குத் தெரியவே தெரியாதே.” “ஒண்ணும் இல்லாமயா அந்த மாரி சொல்லுவான்? ஏதோ கீது.” மகனுக்காகச் சலோமியை நாலு நாளாக விசாரித்துக்கொண்டிருந்த அந்தோணிசாமியின் மனைவி, கைப்பையை எடுத்துக்கொண்டு அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சலோமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

தபீதாள் கேட்டருகே ஓடிப்போய் மகள் கையைப் பிடித்தாள். “பாத்தியா, அவன் மானத்த வாங்கிட்டேன்.”

சலோமி கையை உருவிக்கொண்டாள்.

“அவன் கடா உசுரோடதாம்மா நிக்குது. நீ என்னைத்தான் அறுத்துட்ட.”